அம்சவேணி வாங்கி வைத்த டின்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் படிக்கட்டில் குடியிருக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அருவங்காட்டு ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷமாக வேலை. வாரம் ஆறு நாள் அங்கே வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அதற்கெல்லாம் சேர்த்துக் கத்துகிற ரகம் நான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அம்சவேணி குடத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

எங்கள் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விஷயம் புரியும். குன்னூருக்குக் கொஞ்சம் கீழே, தார் ரோட்டிலிருந்து பள்ளத்துக்குள் இறங்குகிற நூற்றுப் பன்னிரண்டு படிகள். மேலே ரோட்டோரம் கடைகளும் பட்டறைகளும். நடுவில் எங்களைப் போல மாதச் சம்பளக்காரர்கள். அடியில் ஏழு ஓட்டு வீடுகள். எஸ்டேட்டில் இலை எடுக்கிறவர்கள் வீடு. படியை ஒட்டி ஒரு மழைத்தண்ணீர் வாய்க்கால் இறங்குகிறது. அது அடிவாரத்தில் ஒரு ஊற்றுக்குப் பக்கமாக வளைந்து ஓடைக்குப் போகும். மழை பலத்துவிட்டால் வளைகிற பேச்சே இல்லை, நேராக ஊற்றுத் தொட்டிக்குள் பாயும். அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் ஏழு வீட்டுக்காரர்களும் குடித்தார்கள். பஞ்சாயத்துக் குழாய் ரோட்டில் இருக்கிறது, நாலு நாளைக்கு ஒரு தடவை வரும். அதை நம்பி நூற்றுப் பன்னிரண்டு படி குடத்தோடு ஏறி இறங்கினால், அந்த நேரத்தில் எஸ்டேட்டில் அன்றைய வேலைக்குப் பேர் போட்டு முடித்திருப்பார்கள். ஊற்று இருந்ததால்தான் அந்த வீடுகள் இருந்தன.

முந்தின ராத்திரி மழையில் வாய்க்கால் நிறைந்து ஓடியது, காலையில் தூறல். தூறலில் வண்டி கழுவினால் பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும் என்பது என் சாமர்த்தியம். ஸ்கூட்டருக்குச் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்கண்ணா, வண்டி கழுவறீங்களாட்டிருக்குது?” என்றாள்.

“பார்த்தாத் தெரியலையாக்கும்?”

“தெரியுதுங்க. குடிச்சுப் பார்த்துட்டுத்தானுங்க வர்றேன்.”

குடத்தைப் படியில் வைத்தாள். தண்ணீருக்கு மேல் நுரை மிதந்தது. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஊரில் எல்லோரும் கொட்டுகிறார்கள், நான் ஒருவன்தான் அகப்பட்டேனா என்று எகிறினேன். அவள் பதிலுக்கு எகிறவில்லை. “ஒருக்கா கீழ வந்து பார்த்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னாள். விடக்கூடாது என்ற வீம்பில் கூடவே இறங்கினேன். தொட்டியின் ஒரு மூலையில் என் சோப்பு நுரை சுற்றிக்கொண்டிருந்தது. அம்சவேணியின் பக்கத்து வீட்டுச் சின்னம்மை அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, சர்வ சாதாரணமாகக் குடத்தை முக்கினாள். என்னைப் பார்த்து “வாங்கண்ணா” என்று வேறு கூப்பிட்டாள். அந்த இடத்திலேயே என் காற்று இறங்கிவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்குப் பின்னால் புல்தரையில், ஒரே ஒரு பக்கெட் தண்ணீரில், சோப்பில்லாமல் துடைத்தேன். “ஃபேக்டரில ஆபீசர் சொன்னாக்கூட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற மனுசன், எலை எடுக்கற பொம்பள சொன்னதும் அடங்கிட்டாரு” என்று என் மனைவி ஜெயஸ்ரீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அம்சவேணி காரமடைப் பக்கத்துப் பெண். ஏகநாதனைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வயதில் மலையேறி வந்தவள். ஏகநாதன் ஓர் இலை ஏஜென்டிடம் எடைபோடுகிற வேலையில் இருந்தான், சாது. குழந்தை இல்லை. அவளுக்கு என்று ஒரு கிறுக்கு இருந்தது என்றால் அது அந்த ஊற்றுதான். அரிசி கழுவின தண்ணீர் மேராக்காய்க் கொடியின் வேருக்குப் போகும். வடைச்சட்டியில் மிஞ்சிய எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றி அடுப்பில் போட்டுவிடுவாள். துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கீரைப் பாத்திக்கு மேல் போட்டிருந்தாள். எல்லாவற்றையும்விட எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தது அவள் மழைக்கு முன்னால் பெருக்குவது. பக்காசூரன் மலைப்பக்கம் கறுத்தால், மற்றவர்கள் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாய்க்காலை மேலிருந்து கீழ்வரை பெருக்கி அள்ளுவாள். சாணி, சாம்பல், பாக்குப் பொட்டலம், கோழி இறகு, எல்லாம் கூடைக்குள் போகும்.

“வானத்துல இருந்து வர்றப்ப தண்ணி சுத்தமாத்தானுங்கண்ணா வருது. போற வழியில நாமதானுங்க கைல எதையாச்சும் குடுத்து அனுப்பறோம்” என்பாள்.

எங்கள் மலையில் இருந்த வழக்கம் அதற்கு நேர் எதிர். யாரும் நாள்தோறும் வாய்க்காலில் கொட்டமாட்டார்கள். நாற்றமடிக்கும், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். சேர்த்து வைப்பார்கள். கோழிக்கூண்டுக் குப்பை, வெள்ளையடித்து மிஞ்சின சுண்ணாம்பு, பழைய பெயின்ட், அடுப்புச் சாம்பல், எல்லாம் மூலையில் காத்திருக்கும். வானம் இருண்டதும் ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். முதல் கனமழையில் கவிழ்த்துவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் வாய்க்கால் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். “மழை அடிச்சுட்டுப் போயிரும்” என்பது எங்கள் படிக்கட்டில் எல்லோர் வாயிலும் வருகிற பேச்சு. எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, படித்த முட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தேயிலை விலை விழுந்தது. பச்சை இலைக்கு வருகிற விலை பறிக்கிற கூலிக்கே காணாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி மரமாக வளர்ந்து நின்றதைப் பார்த்தால் வயிறு எரியும். எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை, பிறகு இரண்டு நாள். ஏகநாதனின் ஏஜென்ட் ஒரு நாள் தராசை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனவன்தான். கீழே ஏழு வீட்டிலும் திருப்பூர்ப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், போய்விடலாமா என்று. இங்கே வீடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, அங்கே போய் எதற்கு அல்லாட வேண்டும் என்று அம்சவேணிதான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசி நிறுத்தினாள்.

தேயிலை போனதும் மேலே இருப்பவர்கள் கைக்குக் கிடைத்த தொழிலில் இறங்கினார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த சுடலைமுத்து ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து இருசக்கர வண்டிப் பட்டறை போட்டான். முனியசாமி குத்தகை நிலத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார். கேரட்டுக்கு மருந்தடிக்காமல் முடியாது. அடித்து முடித்த மெஷினை வாய்க்கால் ஓரம் கழுவுவார். மிச்ச மருந்தும் காலாவதியான டப்பாக்களும் மூலையில் மழைக்காகக் காத்திருக்கும். சுடலைமுத்துவின் பட்டறையில் கறுப்பு ஆயில் காத்திருக்கும். சோப்பு நுரையைக் கையால் ஒதுக்கலாம். இதை எப்படி ஒதுக்குவது?

ஆனியில் முதல் மழை வந்தது. ஊற்றில் எண்ணெய் ஏறியது. சுகாதாரத்துறையிலிருந்து ஒருவர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார். பதினைந்து நாள் கழித்து வந்து, இன்னொரு தடவை இப்படி வந்தால் சிலாப் போட்டு ஊற்றை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் தப்பில்லை, விஷத்தைக் குடியுங்கள் என்றா சொல்ல முடியும்?

மறுநாள் அம்சவேணி மேலே ஏறிப் போனாள். துணைக்கு நானும் போனேன், ஆம்பிளை ஒருவன் சத்தம் போட்டால் எடுபடும் என்ற நினைப்பு. சத்தம் போடவும் செய்தேன். சுடலைமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பதறாமல் கேட்டான்.

“சத்தம் போடாதிய அண்ணாச்சி. நா எங்கதான் கொண்டு ஊத்த? நீங்க ஒரு எடஞ் சொல்லுங்க, அங்க கொண்டு போயி ஊத்துதேன்.”

இடம் எங்கே இருக்கிறது? மேலே ரோடு, கீழே வாய்க்கால். மண்ணில் கொட்டினால் அடுத்த மழைக்கு அதுவும் வாய்க்கால்தான்.

அம்சவேணி அந்த ஆயில் டின்னைக் கையால் தூக்கிப் பார்த்தாள். “எங்கிட்ட குடுங்க தம்பி” என்றாள்.

“ஒங்ககிட்டயா? நீங்க என்னக்கா பண்ணுவிய?”

“வெச்சிருக்கறனுங்க. வாய்க்கால்ல ஊத்தாம இருந்தாப் போதும்.”

முனியசாமியிடமும் அதையேதான் சொன்னாள். மெஷினைக் காட்டிலேயே கழுவி அந்தத் தண்ணீரைக் கேரட்டுக்கே விட்டுவிடச் சொன்னாள்; மிச்ச மருந்தை மூடிபோட்டுத் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு ஊற்றை மூடப்போகிற விஷயத்தைக் கேட்டுச் சங்கடப்பட்டு, “ஆகட்டும்மா” என்றார். இரண்டு பேரும் வார்த்தை தவறவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மழை மேகம் கூடினால் டின்னைத் தூக்கிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கி அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் பெயின்ட் டப்பா, பினாயில், பாட்டரி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எங்கே வைப்பது என்று என்னிடம்தான் கேட்டாள். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே ஒரு போடு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. மலையில் எல்லா வீட்டையும் போலவே அவள் வீடும் சரிவை வெட்டிக் கட்டியது. வீட்டின் பின்சுவருக்கும் வெட்டின மண்சுவருக்கும் நடுவில் நாலடி இடம். கண்ணில் படாது, நடமாட்டம் இல்லை, தலைக்கு மேல் தகரம் போட்டால் மழையும் படாது. “பின்னால வைம்மா, பத்திரமா இருக்கும்” என்றேன். தகரத்தையும் நானே கொண்டுபோய் அடித்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஊற்று தெளிந்தது. மறுபடி தண்ணீர் எடுத்துப் போனவர், நன்றாக இருக்கிறது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அம்சவேணி ஒரு சொம்புத் தண்ணீரை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, “குடிச்சுப் பாருங்கண்ணா, நொரை இல்லீங்க” என்றாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஏழு வீட்டிலும் திருப்பூர்ப் பேச்சு அடங்கியிருந்தது. அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சேர்கிற ஆயிலை எடுத்துப் போக மேட்டுப்பாளையத்து வியாபாரி ஒருவர் இருந்தார். இரண்டு தடவை வந்தார். பிறகு வரவில்லை. மலையில் ஃபேக்டரிகள் மூடிக்கிடக்கின்றன, இந்த நாலு டின்னுக்காக லாரி ஏற்றினால் டீசலுக்குக்கூடக் கட்டாது என்று சொல்லிவிட்டார். மருந்து டப்பாக்களை எடுக்க ஆளே கிடையாது. நான் அழகான கையெழுத்தில் மனு எழுதிக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். இதற்கென்று எங்களிடம் ஒரு பிரிவும் இல்லை என்றார்கள். வேறு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், யாருடைய வீட்டில் வைத்திருக்கிறீர்கள், அனுமதி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்ட தோரணையில் அவளையே உள்ளே தள்ளிவிடுவார்கள் போலிருந்தது. அங்கே கத்தினேன். கத்தி ஒன்றும் ஆகவில்லை, செக்யூரிட்டி வந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

இரண்டாவது வருஷம் முடிவதற்குள் பின்பக்கம் நிறைந்துவிட்டது. “கொஞ்சத்தை உங்க ஊட்ல வெச்சுக்கறீங்களாண்ணா?” என்று ஒருமுறை கேட்டாள். ஜெயஸ்ரீ நாற்றத்துக்குப் பயந்தாள். நானும் பார்க்கலாம் என்று சொல்லி நழுவிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது கீழே சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். அம்சவேணி வீட்டுக்குப் பின்னால் வெட்டின மண்சுவர் அப்படியே சரிந்து உட்கார்ந்திருந்தது. வீட்டுச் சுவர் விரிசல் விட்டிருந்தது, விழவில்லை. ஏகநாதனும் அவளும் முன்பக்கம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. உயிருக்குச் சேதமில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அந்த ஒரு நிமிஷம்தான்.

சேறு வாய்க்காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் கறுப்பும் பால்வெள்ளையும் கலந்து ஓடின. நசுங்கின டின்கள் மண்ணில் துருத்திக்கொண்டு நின்றன. இரண்டு வருஷம் நாங்கள் எல்லோரும் வாய்க்காலில் ஊற்றாமல் கொண்டுவந்து கொடுத்தது அத்தனையும், ஒரே காலையில், தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. மருந்து வாடை மூக்கைப் பிய்த்தது.

அம்சவேணி தொட்டிக்குள் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று குண்டாவால் மொண்டு மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே மழை. மொண்ட இடத்தில் மறுபடி எண்ணெய் வந்து மூடியது. பக்கெட் நிறைந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டு வேறு பக்கெட் கேட்டாள்.

“மேல வாம்மா, அது மருந்து. உடம்புக்கு ஆகாது” என்றேன்.

“கொஞ்சந்தானுங்கண்ணா இருக்குது. எடுத்தர்றேன்.”

கொஞ்சம் இல்லை. எங்கள் இருவருக்குமே அது தெரியும். ஏகநாதன் இறங்கி அவளைத் தூக்கித்தான் மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. கால் இரண்டும் சிவந்து தடித்திருந்தன.

ஏழு வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சின்னம்மைதான் வாயைத் திறந்தாள். அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

“அவிங்க அப்பப்ப ஊத்தியிருந்தா, அப்பப்ப மழையோட போயிருக்குமே அம்சா. நீ எதுக்கு இத்தனையும் கொண்டாந்து நம்ம தலைக்கு மேல சேத்து வெச்ச?”

அம்சவேணி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பின்னால் வைக்கச் சொன்னவன் நான்தான் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரையே கூட்டிக் கத்துகிற எனக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அவளும் என் பெயரை எடுக்கவில்லை.

அந்த வாரமே தொட்டிமேல் சிலாப் போட்டு, ‘குடிக்க உகந்ததல்ல’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போனார்கள். சிலாப்புக்கு அடியில் ஊற்று ஊறிக்கொண்டேதான் இருந்தது, பக்கத்தில் நின்றால் சத்தம் கேட்கும். முதலில் சின்னம்மை குடும்பம் போனது. தை பிறப்பதற்குள் இன்னும் மூன்று வீடு. மாசியில் ஏகநாதன் தனியாகத் திருப்பூர் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தான். வீடு கிடைத்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். மிச்சமிருந்த இரண்டு வீட்டிலும் பூட்டுத் தொங்கியது, பங்குனியில் கவனித்தேன். அம்சவேணி மட்டும் விரிசல் விட்ட வீட்டில் இருந்தாள். நாலு நாளைக்கு ஒரு தடவை குடத்தோடு எங்கள் வீட்டைத் தாண்டி ரோட்டுக் குழாய்க்குப் போவாள். எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். “இருக்கட்டுமுங்கண்ணா” என்பாள். வாய்க்காலை அவள் பெருக்கி நான் பார்க்கவில்லை.

ஆனி மறுபடி வந்தது. ஒரு மத்தியானம் பக்காசூரன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சுடலைமுத்து கையில் ஆயில் டின்னோடு படியிறங்கிப் போனதைப் பார்த்தேன். இவனுக்கு என்ன பைத்தியமா என்று நானும் பின்னாலேயே இறங்கினேன். அவள் வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஏகநாதன் வருவதாக இருந்தது. பக்கத்தில் இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன.

“வாய்க்கால்ல ஊத்த மனசு வரலக்கா. கை வர மாட்டேங்கு” என்றான் சுடலைமுத்து. டின்னை அவள் முன்னால் வைத்தான். அவளும் வாங்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. பட்டறையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி ஏறிப் போய்விட்டான். டின் அங்கேயே இருந்தது.

முதல் துளி விழுந்தது. அவள் மடித்த துணியை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். டின்னைத் தூக்கினாள். நேராக வாய்க்காலுக்குப் போய்க் கவிழ்த்தாள். கறுப்பாக இறங்கி, சிலாப்பைச் சுற்றி வளைந்து, ஓடைப் பக்கம் போனது. நான் தடுக்கவில்லை. கொடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு எதையோ சொன்னேன்.

“ஓடைக்குக் கீழயும் ஊரு இருக்குதம்மா.”

“தெரியுமுங்கண்ணா” என்றாள். டின் முழுக்க வடியும்வரை அப்படியே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.